போஞ்சி சூப்பைத் தேடிப் பாறசாலைக்கு

என் பிழைப்பில் மண் விழ ஒரு டீ ஆறுகிற நேரம்தான் ஆனது. பதினோரு வருடமாக ஓர் இணைய இதழில் ‘ஊர் ருசி’ என்று வாராவாரம் பத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஊர் ஊராகப் போய்த் தின்று, தின்றதை எழுதி, அதில் கிடைப்பதை வைத்து மறுபடி தின்கிற பிழைப்பு. இதழின் ஆசிரியர் பாஸ்கர் ஒரு காலையில் கூப்பிட்டார். “கோமதி, சும்மா ஒரு டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துக் கிராமங்கள்ல என்ன சாப்பிடறாங்கன்னு அந்த செயற்கை நுண்ணறிவு மிஷினைக் கேட்டேன். டீயைக் கையில எடுத்துக்கிட்டு வர்றதுக்குள்ள முழுக் கட்டுரை வந்துடுச்சு. நல்லாத்தான் இருக்கு.”

நல்லாத்தான் இருக்கு என்று பாஸ்கர் என் கட்டுரைக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

மனிதர் நேராக விஷயத்துக்கு வந்தார். நான் அதே ஊர்களுக்குப் போய் மூன்று நாள் சுற்ற வேண்டும். என் கட்டுரை மிஷின் கட்டுரையைவிட மேலாக இருந்தால் பத்தி எனக்கு. இல்லாவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து ‘ஊர் ருசி’யை மிஷினே எழுதும். அதற்கு நாக்கே கிடையாதே என்றேன். “வாசகர் யாரும் நாக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கறதில்லையே” என்றார்.

போதாக்குறைக்கு, மனித எழுத்தாளர்கள் மிஷினோடு போட்டி போடுவது எப்படி என்று ஐந்து குறிப்புகளும் அனுப்பியிருந்தார். சொந்த அனுபவத்தைச் சொல்லுங்கள், உண்மையாக இருங்கள், உணர்ச்சியைக் கலந்து எழுதுங்கள் என்று போயிற்று. அழகாக இருக்கிறதே, நீங்களா எழுதினீர்கள் என்று கேட்டேன். சற்று இழுத்துவிட்டு, மிஷினிடம்தான் கேட்டு வாங்கினேன் என்றார்.

பையைக் கட்டும்போது மிஷினின் கட்டுரையை என் வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பாறசாலை வட்டாரத்தின் தனிச்சிறப்பு ‘போஞ்சி’யாம். பீன்ஸைக் குழைய வேகவைத்து, மிளகு தட்டிப் போட்டுச் செய்கிற சூப்பாம். அதற்கடுத்த வரிதான் அபாரம்: ‘சுடச்சுடப் போஞ்சியை உறிஞ்சும்போது எல்லைகள் கரைந்துபோகின்றன.’ எல்லை என்ன வெல்லமா கரைவதற்கு? மனிதப் பிறவி எடுத்த எவரும் இப்படி ஒரு வரியை எழுத மாட்டார் என்று சபதம் போட்டுச் சொன்னேன். வீட்டுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், “கேரளா போறியே, பாஸ்போர்ட்டு எடுத்துக்கிட்டியா?” என்றார். அவருக்கு மதுரையைத் தாண்டினால் எல்லாமே வெளிநாடு.

வெள்ளிக்கிழமை காலை களியக்காவிளையில் இறங்கி, ஒரே கடைத்தெருவில் நடந்துகொண்டே வெளிநாடு போனேன். இந்தப் பக்கம் வாழைக்குலை விற்றவர் தமிழ்நாடு, அதற்கு நாலு கடை தள்ளி அதே வாழைக்குலையை விற்றவர் கேரளம். பலகைகளில் எழுத்து உருண்டையானதைப் பார்த்துத்தான் எல்லையைத் தாண்டிவிட்டேன் என்று தெரிந்தது. அந்த நிமிடத்திலிருந்து நான் எழுத்தறிவில்லாதவள் ஆனேன்.

பாறசாலையில் முதல் டீக்கடை. சாயா கேட்டேன். டம்ளரை நீட்டிக்கொண்டே கடைக்காரர், “கடி எதாவது வேணுமா?” என்று கேட்டார். சற்றுப் பின்வாங்கினேன். என்னைப் பார்த்தால் கடிக்கத் தோன்றுகிறதா? பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். “பயராத மக்கா. கடின்னா வடை, ஏத்தக்காப்பம், இதுதானாக்கும். சாயாக்கு கூட கடிக்கியது.” வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த அந்த ஏத்தக்காப்பத்தை ஒன்றுக்கு மூன்றாகக் கடித்தேன். மதுரையில் கடி என்றால் மட்டமான ஜோக்கு. அந்த வகையிலும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை.

மத்தியானம் நெய்யாற்றின்கரையில் சாப்பாடு. சிவப்பரிசிச் சோறு, மீன்குழம்பு, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு மசியல், குடிக்க ரோஸ் நிறத்தில் வெந்நீர். யாரோ கைகழுவியதைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பரிமாறுகிறவரை முறைத்தேன். பதிமுகக் கட்டையைப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் அது. அவரும் பதிலுக்கு முறைத்தார். மீன்குழம்பில் கிடந்த புளியின் துவர்ப்பு நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. இதை மிஷின் எப்படி எழுதுகிறது பார்ப்போம் என்று கறுவிக்கொண்டேன்.

சாப்பிட்டு வெளியே வந்ததும் எதிர்க்கடையில், “ஒரு போஞ்சி” என்றேன். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எலுமிச்சம்பழத்தை அறுத்தார். இஞ்சித் துண்டை நசுக்கிப் போட்டு, உப்பும் சர்க்கரையும் சேர்த்து, பிழிந்து, தண்ணீரை ஊற்றிக் கையில் கொடுத்தார். நடந்த பேச்சை என் தமிழில் தருகிறேன்.

“இது எலுமிச்சம்பழச் சாறு. நான் கேட்டது போஞ்சி.”

“இதுதான் போஞ்சி.”

“பீன்ஸ் எங்கே?”

“பீன்ஸ் காய்கறிக்கடையில் இருக்கும்.”

எனக்குப் பறக்காத குறை. போஞ்சி என்றால் இங்கே எலுமிச்சைத் தண்ணீர்! இலங்கைத் தமிழர்கள்தான் பீன்ஸைப் போஞ்சி என்பார்கள். மிஷின் அந்தப் போஞ்சியைக் கொண்டுவந்து இந்த டம்ளரில் போட்டு வேகவைத்துவிட்டது. இரண்டு டம்ளர் குடித்தேன். மாட்டினாயா மகனே என்று நடுரோட்டில் வாய்விட்டே சொன்னேன். கடைக்காரர் தன்னைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துச் சர்க்கரை போதவில்லையா என்று கேட்டார்.

அந்தக் குஷியில் பெருங்கடவிளைச் சந்தையையும் பார்த்துவிடலாம் என்று பேருந்து நிலையத்துக்குப் போனேன். பலகை எல்லாம் உருண்டை எழுத்து. நடத்துநரிடம், “பெருங்கடவிளை போகுமா?” என்றேன். “பின்னே!” என்று கையைப் பின்பக்கம் வீசினார். பின்னால் நின்ற வண்டியைச் சொல்கிறார் என்று ஓடிப்போய் அதில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, தூங்கியும் போனேன். மலையாளத்தில் ‘பின்னே’ என்றால் ‘போகாமல் என்ன’ என்று அர்த்தமாம்; கையை வீசியது, அவர் வண்டியிலேயே பின்கதவில் ஏறு என்று. விழித்துப் பார்த்தால் எதிர்த்திசையில், கடற்கரைப் பக்கம், விழிஞ்ஞத்தை அடுத்த கோட்டுகால். காற்றில் மீன் வாசனை. பெருங்கடவிளைச் சந்தை எங்கே என்று ஒரு மீன்காரம்மாவைக் கேட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சிரித்தார். அன்றைக்கு நான் பார்த்த சந்தை அந்தக் கூடை ஒன்றுதான்.

சனிக்கிழமை இனிப் பேருந்தே வேண்டாமென்று ஓர் ஆட்டோவைப் பிடித்தேன். கிராமத்துக் கடையில் நல்ல போஞ்சி குடிக்க வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர், “அப்பம் ஸ்டெல்லா அக்கா கடைதான்” என்று பாறசாலையிலிருந்து காரக்கோணம் போகிற சாலையில் திருப்பினார். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒரு முக்கில் தகரக் கூரை போட்ட சிறிய கடை. வாசலில் புத்தம் புதிய பலகை, மலையாளத்திலும் தமிழிலும். தமிழில் இருந்ததைப் படித்ததும் எனக்குத் தலை கிறுகிறுத்தது: ‘ஒரிஜினல் பேஞ்சி சூப்பு.’ எழுதியவர் மலையாளம் படித்தவர். கால் ஒன்றை விட்டுவிட்டதில் போஞ்சி பேஞ்சி ஆகியிருந்தது. ஆனால் சூப்பு சூப்பாகவே இருந்தது.

உள்ளே அடுப்பில் ஓர் அண்டா. அண்டாவுக்குள் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது.

ஸ்டெல்லா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே இருக்க, வாய் தனியாக வேலை பார்க்கும் ரகம். அவர் கணவர் தாசையன் மூலையில் உட்கார்ந்து பீன்ஸின் நாரை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு டம்ளர் சூப்பு வாங்கிக் குடித்தேன். பீன்ஸ் வெந்த தண்ணீரில் மிளகைப் போட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“அக்கா, போஞ்சின்னா எலுமிச்சைத் தண்ணிதானே? இது என்ன சூப்பு?”

கேட்டதுதான் தாமதம். கையிலிருந்த பழத்தைப் பலகையில் அடித்து வைத்துவிட்டு ஆரம்பித்தார்.

“மக்கா, நீயாவது கேட்டியே! ஒரு நாளு காறுல நாலு பிள்ளைய வந்துது. போஞ்சி உண்டான்னு கேட்டுது. உண்டுன்னு நாரங்கா பிழிஞ்சு குடுத்தேன். இது போஞ்சி இல்ல அக்கா, ஒரிஜினல் போஞ்சி பீன்ஸாக்கும்ங்குது. எனக்க கடையில வந்து எனக்கே போஞ்சி படிப்பிக்குது! ஃபோன எடுத்துக் காட்டுது. எனக்குத் தமிழு பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துல மலையாளமாக்கும் படிச்சது. அதுவளே வாசிச்சுக் காட்டிச்சு. எல்லையெல்லாம் கரையுமாம்! பெறவு போயி ஒத்த ஸ்டார் போட்டுது. டூப்ளிகேட் போஞ்சின்னு எழுதி. நான் பெறந்தது முதல் குடிச்சது டூப்ளிகேட்டு!”

“ஒரு ஸ்டார் இல்ல. பதினேழு பேரு போட்டாவ” என்றார் தாசையன், பீன்ஸிலிருந்து தலையைத் தூக்காமல்.

“நீங்க சும்மா இரிங்க. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு வாற ஆளுவகூட ஸ்டாரு பாத்துட்டு அடுத்த கடைக்குப் போயிட்டாவ. கடையே பூட்ட வேண்டியதாயிப்போச்சு மக்கா. அப்பம் இவருதான் சொன்னாரு, பீன்ஸுதானே கேக்குதுவ, பீன்ஸக் குடுன்னு. குடுத்தேன். அஞ்சு ஸ்டாரு! எனக்கு அந்த மணம் அடிச்சாலே கொமட்டுது. அத எழுதுனவன் ஆருன்னு மட்டும் எனக்குக் கிட்டணும். இந்த பெஞ்சில பிடிச்சு இருத்தி, அண்டா சூப்பும் குடிக்க வைப்பேன்.”

எனக்கு உச்சி குளிர்ந்தது. “அக்கா, அதை எழுதினது மனுஷனே இல்லை. கேட்டவங்களுக்கெல்லாம் ஃபோன்ல எழுதித் தர்ற மிஷின்” என்றேன்.

“மிஷினா?” அக்காவின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. “அப்பம் நான் ஆரப் போயி கேக்கியது?”

எனக்கோ என் கட்டுரை கிடைத்துவிட்டது. மிஷின் சொன்ன பொய்யை நிஜமாக்க ஒரு கடையே பீன்ஸ் வேகவைத்துக்கொண்டிருக்கிறது! வெளியே ரப்பர் மரத்தடிக்கு ஓடி பாஸ்கரைக் கூப்பிட்டேன். கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். “ஜெயிச்சுட்டீங்க கோமதி. இருங்க, இந்தக் கழுதை பீன்ஸை எங்கேருந்து எடுத்ததுன்னு அதையே கேட்கறேன்” என்று வைத்தார்.

சற்று நேரத்தில் ஒரு சுட்டி வந்தது. திறந்தேன். எங்கள் இதழ்தான். பழைய ‘ஊர் ருசி’. கன்னம் ஒட்டிய என் அந்தக் காலத்துப் புகைப்படம். அதற்குக் கீழே என் பெயர். அதற்கும் கீழே: ‘சுடச்சுடப் போஞ்சியை உறிஞ்சும்போது எல்லைகள் கரைந்துபோகின்றன.’

அந்த மழைக்காலம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பத்தி தொடங்கிய புதிது. பத்துக் கட்டுரை மொத்தமாகக் கேட்டார்கள். வீட்டை விட்டு நகராமல், நாலு பேரிடம் தொலைபேசியில் விசாரித்துப் பத்தையும் எழுதித் தள்ளினேன். நாகர்கோவில் தோழி ஒருத்தி, அந்தப் பக்கம் போனால் போஞ்சி குடிக்காமல் வராதே என்றாள். போஞ்சி என்றால் என்ன என்று அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மாடிவீட்டில் குடியிருந்த யாழ்ப்பாணத்துக்காரம்மாவைக் கேட்டேன். பீன்ஸ் என்றார். பீன்ஸைக் குடிப்பதென்றால் சூப்புதானே என்று நானாக அடுப்பை மூட்டி, நானாக மிளகைப் போட்டு, எல்லையையும் கரைத்திருக்கிறேன்.

ரப்பர் மரத்தடியில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. மிஷின் பாவம், படித்ததை நம்பியிருக்கிறது. மனிதப் பிறவி எழுதாத வரியாம்! சபதம் வேறு போட்டேன்.

பாஸ்கர் மறுபடி கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். “கோமதி, இது நமக்குள்ள இருக்கட்டும். பழசை இப்பவே எடுத்துடறேன். சூப்பை மிஷின் தலையிலேயே போட்டு எழுதுங்க. அருமையான கட்டுரை. பத்தியும் உங்களுக்கே.”

சரி என்றேன். இதை இங்கே மறைப்பதற்கில்லை. சரி என்றுதான் சொன்னேன். பதினோரு வருடப் பத்தி, எனக்குத் தெரிந்த ஒரே வேலை. மிஷினுக்கு ஒரு கெட்ட பெயரால் என்ன குடிமுழுகிவிடும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு கடைக்குள் போய்ப் பையை எடுத்தேன்.

“நாளைக்கும் வாறியா மக்கா?” என்றார் ஸ்டெல்லா அக்கா. “ஞாயிற்றுக்கிழமை அஞ்சாறு வண்டி வரும். அந்த மிஷின் காரியத்த அதுவகிட்ட நீயே சொல்லேன். படிச்சவ சொன்னா கேட்கும். நான் சொன்னா கேக்காது.”

வாறேன் அக்கா என்று அவர் பாஷையிலேயே சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் வாயில் அந்தப் பீன்ஸ் ருசி போகவே இல்லை.

ஞாயிறன்று அக்கா ஆலயத்துக்குப் போய்விட்டு வந்து கடையைத் திறக்கும்போது பதினொரு மணி. நான் அதற்கு முன்பே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மிஷின் கதையை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தவள்தான். அக்கா நல்ல புடவையோடு வந்து, “மக்கா, சொன்ன மாதிரி வந்துட்டியே, நேரமே வந்து காத்து இருக்கியா? எதாவது தின்னியா?” என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“அக்கா, அந்தச் சூப்பை முதல்ல எழுதினது நான்தான். மிஷின் என்னைப் பார்த்துத்தான் எழுதுச்சு.”

அக்கா கதவுப் பலகையைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“நீயா?”

“நான்தான்.”

“இஞ்ச வந்து தின்னுட்டா எழுதுன?”

“இல்லக்கா. மதுரையில உட்கார்ந்து.”

“வராமலா?”

“வராம.”

மூன்று நாளில் நான் பட்ட வெட்கத்தையெல்லாம் கூட்டினாலும் அந்த ஒரு ‘வராமலா’வுக்கு ஈடாகாது. அக்கா பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தார். உள்ளே பார்த்து ஒரு கூப்பாடு போட்டார். “ஏய், இஞ்ச ஓடி வாருங்க! ஆளு கிட்டியாச்சு!”

தாசையன் கையில் பீன்ஸோடு ஓடிவந்தார். காணாமல் போன ஆடு திரும்பி வந்ததுபோல் இரண்டு பேரும் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நான் திட்டுக்குத் தயாராக இருந்தேன். திட்டும் வந்தது. சுத்தமான எல்லையோர விளவங்கோட்டுத் தமிழில் தொடங்கி, கோபம் ஏற ஏற மலையாளத்துக்குப் போய், மூச்சு வாங்கத் தமிழுக்குத் திரும்பியது. அச்சில் போட முடியாதவற்றை விட்டுவிடுகிறேன். முடித்ததும் அக்கா ஒரு டம்ளர் சூப்பை என் முன்னால் வைத்தார். குடி என்றார். குடித்தேன். இன்னொன்று வைத்தார். அதையும் குடித்தேன். மூன்றாவதை ஊற்றும்போது தாசையன், “போதும், பாவம், வயறு கெட்டுப்போவும்” என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகு அதிகம் என்பதாலும்.

“இனி ஒரு வேலை உண்டு” என்றார் அக்கா. “கடைக்கு முன்னால நில்லு. வாறவங்ககிட்ட எல்லாம் நீயே சொல்லு.”

நின்றேன். முதல் கார் கோயம்புத்தூர் வண்டி. இளம் தம்பதி. “ரெண்டு போஞ்சி சூப்பு கொடுங்க” என்றார் கணவர். நான் முன்னால் போய், போஞ்சி என்றால் எலுமிச்சைத் தண்ணீர், சூப்பு என்பது தவறு என்றேன். அவர் மரியாதையாகச் சிரித்தார். “இல்லீங்க, இதுல தெளிவாப் போட்டிருக்குதுங்களே” என்று ஃபோனை நீட்டினார்.

“அதை முதல்ல தப்பா எழுதினதே நான்தாங்க.”

அவர் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “இதுல உங்க பேரே இல்லீங்களே?”

ஃபோனை வாங்கிப் பார்த்தேன். மிஷின் என் சூப்பை எடுத்தது, மிளகை எடுத்தது, கரைந்த எல்லையைக்கூட எடுத்தது. பெயரை மட்டும் விட்டுவிட்டது. பதினோரு வருடம் எழுதியவள், நான் செய்த தப்பு என்னுடையதுதான் என்று நிரூபிக்க வழியில்லாமல் தெருவில் நின்றேன்.

ஸ்டெல்லா அக்காதான் கடையை விட்டு இறங்கி வந்தார். “பேரில்லாத்தத நம்புவிய. முன்னால ஒருத்தி வந்து நின்னு, தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுகா, அவள நம்ப மாட்டியளா? இவ பேரு கோமதி. மதுரை. சந்தேகம் உண்டுன்னா இவளப் பிடிச்சுக் கேளுங்க. இப்பம் இதக் குடிங்க.” இரண்டு டம்ளர் எலுமிச்சைப் போஞ்சியை அவர்கள் கையில் திணித்தார். அந்தப் பெண் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். “அட, இது சூப்பருங்க” என்று இன்னொன்று கேட்டாள். போகும்போது என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ‘தப்பா எழுதினவங்களே கடைவாசல்ல நின்னு விளக்கம் சொல்றாங்க’ என்று கடைக்கு ஐந்து ஸ்டார் போட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்கள்.

மத்தியானம் வரைக்கும் நின்றேன். ஏழு வண்டி. ஐந்து வண்டிக்காரர்கள் நம்பினார்கள். ஒருவர் நான் போட்டிக் கடைக்காரி என்று முடிவு கட்டினார். இன்னொரு குடும்பம் முழுக் கதையையும் உருக்கமாகக் கேட்டுவிட்டு, இருந்தாலும் சூப்பே கொடுங்கள், ஜலதோஷம் என்றது. அக்கா அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கப் போனபோது தாசையன் குறுக்கே வந்து, “எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வையி. வாயுக்கு நல்லதாக்கும்” என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாசலில் இருந்த சூப்புப் பலகையைக் கழற்ற ஏணி எடுக்கப் போய்விட்டார்.

கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இதயும் எழுதுவல்லா? எழுதினா எனக்கு ஃபோன் போட்டு வாசிச்சுக் காட்டணும். நான் கேட்டப்பெறவுதான் போடணும்.”

மதுரைக்கு வந்து, நீங்கள் இதுவரை படித்தது அத்தனையையும் எழுதி பாஸ்கருக்கு அனுப்பினேன். அரைமணி நேரத்தில் கூப்பிட்டார்.

“கோமதி, அந்த ‘நான்தான்’ பகுதியை மட்டும் எடுத்துடலாம். மனுஷங்க எழுதறதும் தப்புன்னு ஆயிடுச்சுன்னா, அப்புறம் உங்களுக்கு எதுக்கு ஒரு பத்தின்னு மேலே கேட்பாங்க. நான் என்ன பதில் சொல்றது?”

“அந்தம்மா என்னைப் பெஞ்சில உட்கார வெச்சு, திட்டி, ரெண்டு டம்ளர் சூப்பு குடிக்க வெச்சாங்க பாஸ்கர். நாலு பேர் முன்னாடி நின்னு தப்பைச் சொல்ல வெச்சாங்க. உங்க மிஷினை ஒரு தடவை அந்தப் பெஞ்சில உட்கார வெச்சுக் காட்டுங்க, பத்தியை நானே அதுகிட்டக் கொடுத்துடறேன்.”

என்னை மீறிக் கத்திவிட்டேன். கடைசியில் அவர், கட்டுரையை அப்படியே போடுகிறேன், பத்தி தொடருமா என்பதை இப்போது கேட்காதீர்கள் என்றார். கேட்கவில்லை. பயமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

ஸ்டெல்லா அக்காவைக் கூப்பிட்டு முதல் வரியிலிருந்து வாசித்தேன். மீன்காரம்மா சிரித்த இடத்தில் அவரும் சிரித்தார். கடியைக் கேட்டு நான் பின்வாங்கிய இடத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லித் தாசையனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். ‘வராமலா’ வந்த இடத்தை மட்டும் வேகமாக வாசித்துத் தாண்டினேன். வாசித்து முடித்துவிட்டு, அக்கா, இருக்கீங்களா என்றேன்.

“இருக்கேன். எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. கீழ ஒனக்க பேரு உண்டா?”

“உண்டு அக்கா.”

“நல்லா பெரிசாப் போடு மக்கா. ஏச வாறவங்களத் தேடி அலைய வைக்கப்பிடாது.”